பழைய சிறிய ட்ரக்டரில் பற்றரிக்குச் சார்ஜ் ஏறவில்லை: டைனமோவை மாற்றத்தான் வேண்டுமா?

2024 ஜனவரி 6, சனி, பிற்பகல் 4.10 (நீர்வேலியிலிருந்து வந்த கேள்வி)

எங்கள் வாழைத் தோட்டத்தில் பழைய ஜப்பானிய நாற்சில்லுச் சிறிய ட்ரக்டர் ஒன்று ஓடுகிறது. இரண்டு சிலிண்டர் டீசல். பற்றரி வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. நாள் முழுவதும் ஓடிவிட்டு நிறுத்தினாலும் மறுநாட் காலையில் ஸ்ராட்டர் ஒருமுறை முக்கிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. முன்விளக்குகள் எரிகின்றன, ஆனால் திறப்பைத் திருப்பும்போது டாஷில் எந்த விளக்கும் எரிவதில்லை. கராஜ்காரர் டைனமோ போய்விட்டது என்கிறார். டைனமோவின் மின்னைச் சீராக்கிப் பற்றரிக்கு அனுப்பும் ரெகுலேற்றரையும் சேர்த்து மாற்றினால் நல்லது என்கிறார். விலையைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா, மாஸ்ரர்?

2024 ஜனவரி 6, சனி, மாலை 7.40

மாற்ற வேண்டாம். இதுவரை யாரும் எதையும் அளக்கவில்லை என்பது உங்கள் கேள்வியிலிருந்தே தெரிகிறது. அளக்காமல் மாற்றுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. என் அலுமாரியில் இரண்டு ரெகுலேற்றர்கள் சும்மா கிடக்கின்றன. நான் மெக்கானிக் அல்லன். நெடுங்காலம் பௌதிகவியல் படிப்பித்துவிட்டு, இப்போது உரும்பிராயில் பன்னிரண்டு பரப்புத் தோட்டத்தில் வெங்காயமும் மரவள்ளியும் வைத்திருக்கிறேன். என்னிடமும் இதே வகைச் சிறிய ட்ரக்டர்தான் இருக்கிறது.

முதலில் பற்றரியைத் தனியாகப் பாருங்கள். அதைக் கழற்றி வெளிச் சார்ஜரில் ஓர் இரவு முழுவதும் ஏற்றி, பின்னர் நாலைந்து மணித்தியாலம் எதிலும் தொடுக்காமல் வைத்துவிட்டு மல்ரிமீற்றரால் அளந்தால் 12.6 வோல்ற்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே போனால் ஏறத்தாழ வெறுமை. அதற்குப் பின் ட்ரக்டரில் பூட்டி, எஞ்சினை இயக்கி, அரை அளவு வேகம் கொடுத்து மீண்டும் அளக்க வேண்டும். மீற்றரின் முனையைப் பற்றரியின் ஈயத் தலையிலேயே வையுங்கள். அதைப் பிடித்திருக்கும் கவ்வியில் வைத்தால் கவ்விக்கும் தலைக்கும் இடையிலுள்ள அழுக்கு உங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் வந்தால் சார்ஜ் ஏறுகிறது. எஞ்சின் நிற்கும்போது இருந்த அதே அளவோ அதற்குக் குறைவோ வந்தால் ஏறவில்லை.

ஏறவில்லையென்றால் அடுத்தது டைனமோவைச் சுற்றும் பெல்ற். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தாழ வேண்டும். அது சரியென்றால் டைனமோவுக்குப் போங்கள். அதிலிருந்து இரண்டு நீல வயர்கள் வெளியே வரும். அவற்றின் இணைப்பைக் கழற்றி, எஞ்சின் ஓடும்போது அவ்விரண்டுக்கும் இடையில் அளந்தால் வேகம் கூடக் கூட மின்னழுத்தமும் கூடி 20 வோல்ற்றைத் தாண்ட வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு நீல வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையில் தடையை அளந்தால் தொடர்பே இருக்கக் கூடாது.

பழைய வாகனங்களில் டைனமோ நெடுநாள் ஓடாமல் கிடந்து உறங்கிவிட்டால், பற்றரியிலிருந்து ஒரு வயரை அதன் மெல்லிய முனையில் ஒரு கணம் தொட்டு எழுப்புவார்கள். அதையும் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

2024 ஜனவரி 6, சனி, இரவு 10.15

மேலேயுள்ள குறிப்பின் கடைசிப் பந்தியைச் செய்யாதீர்கள். உணவருந்திக்கொண்டிருந்தபோதுதான் என்ன எழுதினேன் என்பது உறைத்தது.

வயரைத் தொட்டு எழுப்புவது ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களின் காலத்து லூக்காஸ் டைனமோக்களுக்கான வைத்தியம். அவற்றில் காந்தம் என்பது சுருளில் ஓடும் மின்னால் உண்டாவது. இரும்பில் எஞ்சியிருக்கும் சிறிய காந்தத் தன்மைதான் முதற் பொறி. அது அழிந்துபோனால் பற்றரியால் ஒருமுறை உசுப்ப வேண்டும். எங்கள் வீட்டு ஏ40 ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் இப்படி உசுப்பப்பட்டே ஓடியது. அந்த ஞாபகத்தில் எழுதிவிட்டேன். உங்கள் ட்ரக்டரில் இருப்பது நிலையான காந்தத்தை உடைய வகை. காந்தம் சுழல்கிறது, சுருள் நிற்கிறது, பிரஷ் எதுவும் இல்லை. அதற்கு உறக்கமும் இல்லை, எழுப்புதலும் தேவையில்லை. பற்றரியை அந்தச் சுருளில் தொட்டால் சுருள் சூடாவதைத் தவிர வேறு பயன் இல்லை.

2024 ஜனவரி 7, ஞாயிறு, காலை 11.05

நீல வயர்களுக்கிடையில் பூச்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள். கராஜ்காரர் சொன்னது சரிதான் போலும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மீற்றரின் குமிழ் எந்தப் பக்கம் நிற்கிறது? நேரோட்டப் (டீ.சி.) பக்கம் நின்றால் பூச்சியந்தான் காட்டும். டைனமோவிலிருந்து வெளிவருவது ஆடலோட்டம் (ஏ.சி.). அதை நேரோட்டமாக்குவது ரெகுலேற்றரின் வேலை. குமிழை மாற்றி மீண்டும் அளந்துவிட்டு எழுதுங்கள். அதுவரை டைனமோவுக்குத் துடக்குக் காக்க வேண்டாம்.

2024 ஜனவரி 7, ஞாயிறு, பிற்பகல் 1.30

27 வோல்ற்று. டைனமோ நலமாக இருக்கிறது.

எஞ்சின் நிற்கும்போது 12.1, ஓடும்போது 12.0 என்றும் தந்திருக்கிறீர்கள். ஆக, மின் பிறக்கிறது, பற்றரிக்குப் போய்ச் சேரவில்லை. பிறக்கும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் இடையில் ரெகுலேற்றரும் ஆறு வயர்களும் மட்டுமே இருக்கின்றன.

2024 ஜனவரி 7, ஞாயிறு, இரவு 8.50

கராஜ்காரர் எப்படி முடிவுக்கு வந்தார் என்று கேட்டிருந்தேன். பதிலை இரண்டு முறை வாசித்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பற்றரியின் வயரைக் கழற்றினாராம். எஞ்சின் நிற்கவில்லையாம். அதனால் முதல் நாள் "டைனமோ நல்லம் தம்பி" என்றாராம். மறுநாள் ட்ரக்டர் இயங்காதபோது "டைனமோ போட்டுது" என்றாராம்.

இது பெற்றோல் காருக்கான பழைய சோதனை. பெற்றோல் எஞ்சினில் பொறி உண்டாக மின் வேண்டும். பற்றரியைக் கழற்றியும் ஓடினால் டைனமோ மின் தருகிறது என்று ஒருவாறு கொள்ளலாம். இத்தகைய பழைய டீசலுக்கோ ஓடத் தொடங்கிய பின் மின்னே தேவையில்லை. டைனமோவைக் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டாலும் டீசல் முடியும்வரை அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். எனவே அந்தச் சோதனை எதையும் நிறுவவில்லை. அது மட்டுமன்றி, தீங்கும் உண்டு. ரெகுலேற்றர் கொடுக்கும் மின்னின் ஏற்ற இறக்கங்களைப் பற்றரிதான் விழுங்கிக்கொள்கிறது. ஓட்டத்தின் நடுவில் அதைக் கழற்றினால் அழுத்தம் திடீரென்று எகிறி ரெகுலேற்றரின் உள்ளுறுப்புகளைச் சுட்டுவிடலாம். உங்கள் ரெகுலேற்றர் இதில் தப்பியதா என்பது இன்னும் தெரியவில்லை. யாரும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், செய்பவரையும் விடாதீர்கள்.

2024 ஜனவரி 9, செவ்வாய், மாலை 6.20

ரெகுலேற்றரைப் பற்றி எழுதுமுன் என் அலுமாரிக் கதையைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் ட்ரக்டரிலும் இதே நோய் வந்தது. டைனமோ நல்லது என்று கண்டதும், மிஞ்சியது ரெகுலேற்றர்தானே என்று தீர்மானித்துக் கொழும்பிலிருந்து ஒன்றை எடுப்பித்துப் பூட்டினேன். ஏறவில்லை. வந்தது பழுது என்று நினைத்து இன்னொன்றை எடுப்பித்தேன். அதுவும் ஏறவில்லை. மூன்றாவதுக்குச் சொல்லிவிட்டு வந்து, பொழுதுபோகாமல் ரெகுலேற்றரின் உலோக உடலுக்கும் பற்றரியின் மறைமுனைக்கும் (−) இடையில் மீற்றரை வைத்தேன். எஞ்சின் ஓடும்போது 1.6 வோல்ற்று காட்டியது. காட்டியிருக்கவே கூடாது, ரெகுலேற்றரின் உடல்தான் அதன் புவித்தொடுப்பு (எர்த்), அங்கிருந்து பற்றரி வரைக்கும் ஒரே இரும்பாக இருக்க வேண்டும். ஆணியைக் கழற்றிப் பார்த்தால் அடியில் பச்சை வர்ணம் தடிப்பாக இருந்தது. முந்திய மாதம் ட்ரக்டருக்குப் புது வர்ணம் பூசியவர் யார் என்று கேட்க வேண்டாம். அரத்தாளால் தேய்த்து வெறும் இரும்பைக் காட்டி இறுக்கினேன். பழைய ரெகுலேற்றரே 14.1 கொடுத்தது. முப்பது ஆண்டு பிள்ளைகளுக்கு ஓமின் விதியைப் படிப்பித்தவனுக்கு இந்த நிலை.

ஆகவே நீங்கள் முதலில் இந்தப் புவித்தொடுப்பை அளந்து பாருங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் போகக் கூடாது. அதுபோலவே ரெகுலேற்றரின் சிவப்பு வயருக்கும் பற்றரியின் நேர்முனைக்கும் இடையிலும் அளக்கலாம். சார்ஜ் ஏறாத நிலையில் மின்னோட்டமே இல்லை என்பதால் இந்த அளவுகள் நல்லவையாகவே தோன்றக்கூடும், ஆகவே இதைக் கொண்டு மட்டும் நிம்மதியடைய வேண்டாம். ஆணியைக் கழற்றிக் கண்ணாலும் பாருங்கள்.

அது சரியென்றால் மஞ்சள் வயர். என் ட்ரக்டரில் அது திறப்புச் சுவிச்சிலிருந்து வருகிறது. ரெகுலேற்றருக்கு "இப்போது வேலை நேரம்" என்று சொல்வதும், பற்றரியில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதும் அதுதான். திறப்பைத் திருப்பியதும் அதில் பற்றரியின் அழுத்தம் அப்படியே வர வேண்டும். வராவிட்டால் ரெகுலேற்றர் கதவைத் திறக்காது. உங்கள் ட்ரக்டரில் நிறங்கள் மாறியிருக்கலாம். முன்னைய சொந்தக்காரர் கையில் அகப்பட்ட வயரை வைத்து ஒட்டுப்போட்டிருந்தால் நிறத்தை நம்பவே முடியாது.

2024 ஜனவரி 9, செவ்வாய், இரவு 9.00

மஞ்சளில் பூச்சியமா? அப்படியென்றால் நெருங்கிவிட்டோம். பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து, மஞ்சள் ரெகுலேற்றருக்குள் போகும் இடத்தில் தொடுத்துவிட்டு, எஞ்சினை இயக்கி அளந்து பாருங்கள். இது சோதனைக்காக மட்டும்.

2024 ஜனவரி 10, புதன், காலை 8.15

14.2! டைனமோவும் உயிரோடு இருக்கிறது, ரெகுலேற்றரும் உயிரோடு இருக்கிறது. கராஜ்காரரின் சோதனையிலிருந்தும் தப்பிப் பிழைத்த ரெகுலேற்றர் அது, பத்திரமாகப் பாருங்கள். டாஷில் இவ்வளவு காலம் எரியாமல் இருந்த, எஞ்சின் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் எண்ணெய் விளக்கும் இப்போது எரிகிறது என்று எழுதியிருப்பது இரட்டிப்பு மகிழ்ச்சி.

2024 ஜனவரி 13, சனி, இரவு 7.30

கனடாவில் இருக்கும் ஒருவர், தம் வீட்டுப் புல் வெட்டும் ட்ரக்டருக்கும் இந்தக் குறிப்புகள் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். பாதி பொருந்தும். அவர் சொல்லும் ஒற்றைச் சிலிண்டர் பெற்றோல் எஞ்சினில் டைனமோ என்று தனியாக ஒன்றும் பெல்ற்றில் தொங்காது. பறக்கும் சில்லின் (எஞ்சினின் பிளைவீல்) உட்புறத்தில் காந்தங்கள் பதிந்திருக்கும், அதன் அடியில் சுருள் இருக்கும். சிறிய எஞ்சின்கள் சிலவற்றில் ரெகுலேற்றரே இல்லை. ஒரு வயரில், மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் ஒற்றை டயோட்டு இருந்து மூன்று அம்பியர் அளவில் பற்றரிக்குக் கொடுக்கும், இன்னொரு வயர் ஆடலோட்டமாகவே விளக்குக்குப் போகும். அந்த டயோட்டு இணைப்பியின் உறைக்குள் மறைந்திருப்பதால், பழுதானாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. விளக்குகள் நன்றாக எரிய, பற்றரி மட்டும் இறங்கினால் முதலில் அதைச் சந்தேகிக்கலாம். பெரிய வகைகளில் ரெகுலேற்றர் இருக்கும். அவற்றிலும் உடல்தான் புவித்தொடுப்பு, அங்கும் வர்ணத்தையும் துருவையும் பார்க்க வேண்டும். குளிர்காலத்துக்குப் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது குறித்து நான் அறிவுரை சொல்வது பொருத்தமில்லை. எங்கள் ஊரில் தை மாதக் காலைப் பனிக்கே தலையில் துவாயைக் கட்டிக்கொள்பவன் நான்.

2024 ஜனவரி 15, திங்கள், காலை 10.40

பொங்கல் நாளும் அதுவுமாக ட்ரக்டருக்குச் சந்தனம் பூசி மாலை போட்டுவிட்டு இயக்கப்போனால் ஸ்ராட்டர் முக்கக்கூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாலையோடு தள்ளி இயக்கிய படத்தையும் பார்த்தேன். சிரித்ததற்கு மன்னிக்கவும். ஆனால் இது விளங்கவில்லை. 14.2 ஏறிய பற்றரி ஏன் இறங்க வேண்டும்?

2024 ஜனவரி 15, திங்கள், மாலை 5.15

மத்தியானம் முழுவதும் யோசித்ததில் விளக்குகள்மேல் சந்தேகம் போகிறது. விடியமுன் மருதனார்மடம் சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப்போவதாகச் சொன்னீர்கள். முன்னால் இரண்டு ஹலஜன், பின்னால் ஒன்று, எல்லாம் 55 உவாற்று என்றால் மொத்தம் 165. என் டைனமோவின் தகட்டில் 12 வோல்ற்று, 150 உவாற்று என்று பொறித்திருக்கிறது. அதுவும் முழு வேகத்தில் ஓடும்போதுதான். வரவு 150, செலவு 165. நீங்கள் சந்தைக்குப் போகும் வழி முழுவதும் பற்றரி கடன் கொடுத்துக்கொண்டே வருகிறது. பின்விளக்கை அணைத்துவிட்டு ஓடுங்கள், முடிந்தால் எல்.இ.டி. விளக்குகளுக்கு மாறுங்கள். அதோடு காலையில் எஞ்சினை இயக்குமுன் சூடாக்கும் குளோ பிளக்கை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்கள்? எங்கள் ஊர் வெப்பத்துக்குப் பத்து விநாடி தாராளம். சிலர் அரை நிமிடம் பிடித்துப் பற்றரியை வறுத்தெடுத்துவிட்டு ஸ்ராட்டரைக் குறை சொல்கிறார்கள்.

வரவு செலவு என்றதும் வேறொன்று ஞாபகம் வருகிறது. 1990-இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடையில் பற்றரிகளும் வராமற்போன காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, அதன் டைனமோவிலிருந்து வானொலி கேட்டோம். அந்தச் சிறிய போத்தல் டைனமோ 6 வோல்ற்று, 3 உவாற்று, அரை அம்பியர். அதுவும் நிலையான காந்தந்தான், அதிலிருந்து வருவதும் ஆடலோட்டந்தான். பழைய வானொலிகளில் பிடுங்கிய டயோட்டுகளை வைத்து நேராக்குவோம். இன்று உங்கள் ட்ரக்டரில் தொங்குவது அந்தப் போத்தலின் பெரிய அண்ணன். இரவில் பி.பி.சி. தமிழோசை முடியும்வரை ஒருவர் மாறி ஒருவர் சுற்றுவோம். சுற்றுபவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும். அரை அம்பியரின் பெறுமதி என்ன என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் படிப்பிக்கவில்லை.

2024 ஜனவரி 16, செவ்வாய், மாலை 6.45

நேற்றைய விளக்குக் கணக்கில் ஒரு பிழை. கணக்கு சரி, அதை இங்கே கொண்டுவந்ததுதான் பிழை. நீங்கள் வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் உழுதுவிட்டு மாலையில் நிறுத்தியிருக்கிறீர்கள். விளக்குப் போடவே இல்லை. அதன்பின் பொங்கல்வரை ட்ரக்டரைத் தொடவும் இல்லை. ஓடாத ட்ரக்டரின் பற்றரியை ஓடும்போது எரியும் விளக்கு எப்படிக் குடிக்கும்? எல்.இ.டி. வாங்கப் போயிருந்தால் திரும்பிவிடுங்கள். இந்த மாதம் வற் வரியும் 18 வீதமாகிவிட்டது.

பற்றரியே பழுதாக இருக்கலாம் என்று கிளிநொச்சி நண்பர் எழுதியிருப்பது பொருட்படுத்த வேண்டியது. பற்றரிக்குள் நீர் குறைந்தபோது எதை ஊற்றினீர்கள்? கிணற்று நீர் என்றால் நண்பர் சொல்வதே சரியாகிவிடும். எங்கள் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது என்னவோ அதுதான் பற்றரியின் தட்டுகளிலும் போய்ச் சேரும். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. வெறுமனே கொதிக்கவைத்து ஆறவைத்த நீர் அதுவாகாது. கொதிக்கவைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி கேத்தலில் படியும், மற்ற உப்புகள் நீரிலேயே நிற்கும்.

2024 ஜனவரி 17, புதன், காலை 7.00

கடைப் போத்தல் நீர்தான் ஊற்றினீர்கள் என்றால் பற்றரியைத் தற்காலிகமாக விடுதலை செய்வோம். கழற்றித் தனியே ஏற்றி, தனியே வைத்த ஒரு நாளில் 12.6-இலிருந்து அது இறங்கவில்லை என்பதும் அதற்குச் சாட்சி.

அப்படியென்றால், ட்ரக்டர் நிற்கும்போது ஏதோ ஒன்று குடிக்கிறது. மீற்றரைப் பத்து அம்பியர் அளவுக்கு மாற்றி, சிவப்பு முனையை அதற்குரிய துளைக்கும் மாற்றுங்கள். திறப்பை வெளியே எடுத்துவிட்டு, பற்றரியின் மறைமுனை வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் மறைமுனைக்கும் இடையில் மீற்றரைத் தொடுங்கள். அந்த நிலையில் தவறியும் ஸ்ராட்டரையோ குளோவையோ தொடக் கூடாது, மீற்றர் எரிந்துவிடும். இந்தப் பழைய ட்ரக்டரில் கணினியும் இல்லை, மணிக்கூடும் இல்லை. ஆகவே பூச்சியந்தான் காட்ட வேண்டும்.

2024 ஜனவரி 18, வியாழன், மாலை 6.30

0.45 அம்பியர். சைக்கிள் டைனமோவின் அரை அம்பியரை எழுதி மூன்று நாள்தான் ஆகிறது. அது உங்கள் கொட்டிலுக்குள் வந்து நிற்கிறது. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைவரை அறுபது மணித்தியாலம் என்று வைத்தால் 27 அம்பியர் மணித்தியாலம். முழுமையாக நிறையாத 45 அம்பியர் மணித்தியாலப் பற்றரிக்கு அது போதும்.

குடிப்பது எது என்று அறிய ஒவ்வொரு வயராகக் கழற்ற வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். அதற்கு முன் ஒரு கேள்வி. அந்தச் சோதனை வயரைக் கழற்றிவிட்டீர்கள்தானே?

2024 ஜனவரி 18, வியாழன், இரவு 8.10

கழற்றவில்லை. "நல்லா ஏறுது எண்டு அப்படியே விட்டிட்டன் மாஸ்ரர்" என்கிறார் நீர்வேலித் தம்பி. ரேப் சுற்றி அழகாக முடித்தும் வைத்திருக்கிறார்.

இது என் பிழை. சோதனைக்காக மட்டும் என்று ஒரு வரி எழுதினேன். எவ்வளவு நேரம், பின்னர் என்ன செய்வது, ஏன் அப்படியே விடக் கூடாது என்று எழுதவில்லை. வகுப்பில் இப்படிச் செய்துகாட்டிவிட்டு மணி அடித்ததும் போயிருந்தால் அதிபர் என்னைக் கூப்பிட்டிருப்பார்.

நடந்தது இதுதான். பற்றரியிலிருந்து மஞ்சளுக்குக் கொடுத்த மின் ரெகுலேற்றருக்குள் மட்டும் போய் நிற்கவில்லை. மஞ்சள் வயரின் மறுபக்கம் டாஷுக்குப் போகிறது. எண்ணெய் விளக்கு, வெப்பமானி எல்லாம் அந்த வழியில்தான் தொங்குகின்றன. ஆற்றை அணைகட்டி மறித்த இடத்துக்குக் கீழே நீரை ஊற்றினால் அது கீழேயும் போகும், அணைவரை பின்னாலும் நிரம்பும். திறப்பை எடுத்தாலும் அந்தப் பகுதிக்கு மட்டும் திறப்புப் போட்டபடியே இருக்கிறது. இப்போது ஒரு லாந்தரும் இல்லாமல் கொட்டிலுக்குப் போய் டாஷைப் பாருங்கள்.

2024 ஜனவரி 18, வியாழன், இரவு 8.40

மழைக்காக டாஷின்மேல் போட்டிருந்த உரச் சாக்கைத் தூக்கியதும் எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததாம். இவ்வளவு நாளும், பற்றரி பூட்டி எஞ்சின் நின்ற நேரமெல்லாம் எரிந்திருக்கிறது. 3.4 உவாற்றுக் குமிழ் என்றால் அதுவே ஏறத்தாழ 0.28 அம்பியர், மிச்சத்தை வெப்பமானியும் ரெகுலேற்றரும் பங்கிட்டிருக்கும்.

வயரைக் கழற்றுங்கள். கழற்றியபின் மீண்டும் அளந்து எழுதுங்கள்.

2024 ஜனவரி 19, வெள்ளி, காலை 6.10

இரவு தூக்கம் வராமல் இந்தப் பக்கத்தை முதலிலிருந்து வாசித்தேன். வெட்கமாக இருக்கிறது.

"திறப்பைத் திருப்பும்போது டாஷில் எந்த விளக்கும் எரிவதில்லை." இது உங்கள் முதற் கேள்வியிலேயே இருக்கிறது. சார்ஜ் விளக்கு மட்டும் எரியவில்லையென்றால் குமிழோ ரெகுலேற்றரோ என்று நினைக்கலாம். எண்ணெய் விளக்கும் சேர்ந்து எரியவில்லையென்றால், இரண்டுக்கும் பொதுவான ஓரிடத்தில் மின் நின்றுவிட்டது என்பதுதான் பொருள். அந்தப் பொது இடத்திலிருந்துதான் மஞ்சளும் புறப்படுகிறது. ஸ்ராட்டரும் முன்விளக்கும் வேலை செய்வதால் திறப்புச் சுவிச்சுக்கு மின் வருகிறது. டாஷுக்குப் போகும் பாதையில் மட்டும் இல்லை. நான் அந்த வரியை விட்டுவிட்டுப் பெல்ற்றையும் நீல வயரையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பத்தாம் திகதி எண்ணெய் விளக்கு உயிர்பெற்றது என்று நீங்கள் எழுதியபோதாவது, மஞ்சளுக்குக் கொடுத்த மின் அங்கே எப்படிப் போனது என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கும் இரட்டிப்பு மகிழ்ச்சி என்று எழுதிவைத்திருக்கிறேன்.

திறப்புச் சுவிச்சுக்கும் டாஷுக்கும் இடையில் கண்ணாடிக் குழாய்ப் பியூஸ் ஒன்று இருக்கும். அதைப் பார்த்தீர்களா என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

2024 ஜனவரி 19, வெள்ளி, பிற்பகல் 12.20

பியூஸ் நல்லது, கம்பி அறவில்லை என்கிறீர்கள். கண்ணால் பார்த்தது போதாது. அதைக் கழற்றாமல், திறப்பைப் போட்டபடி, பியூஸின் இரண்டு பக்கத்துக் கவ்விகளிலும் ஒவ்வொன்றாக மீற்றரை வைத்து உடலுக்கு எதிரே அளந்து பாருங்கள்.

2024 ஜனவரி 19, வெள்ளி, மாலை 5.50

ஒரு கவ்வியில் 12.4, மற்றதில் பூச்சியம். கழற்றிப் பார்த்தால் கவ்வியின் உட்புறம் பச்சை. களிம்பு. பியூஸில் குறையில்லை, அதைப் பிடித்திருந்த கைதான் செத்திருந்தது. உவர்க்காற்று வீசும் எங்கள் ஊரில் மாரிக்குப் பிறகு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். செம்பிற் களிம்புபோல ஆணவம் உயிரைப் பற்றியிருக்கிறது என்று சைவ வகுப்பில் மனப்பாடம் செய்த காலத்தில், அது ஒரு நாள் பியூஸ் கவ்வியில் வந்து நிற்கும் என்று யார் நினைத்தார்கள். அந்தக் களிம்பு ஞானத்தால் நீங்குமாம். இது அரத்தாளால் நீங்கும். சுத்தம் செய்தபின் கவ்வியைச் சற்று நெருக்கி, மெல்லிதாக வசலின் பூசிப் பியூஸைப் போடுங்கள். கவ்வி மிகவும் அரித்திருந்தால் மூடியுள்ள புதிய பியூஸ் பெட்டி ஒன்றைப் பூட்டிவிடுங்கள்; ரெகுலேற்றரின் விலையோடு ஒப்பிட்டால் அது தேநீர்ச் செலவு.

2024 ஜனவரி 21, ஞாயிறு, இரவு 7.15

தம்பி அனுப்பிய அளவுகளைப் பதிந்துவைக்கிறேன். சோதனை வயர் கழற்றப்பட்டுவிட்டது. திறப்பை எடுத்தபின் மின்னோட்டம் 0.00. திறப்பைப் போட்டதும் மஞ்சளில் 12.5. அரை வேகத்தில் பற்றரியில் 14.1, மூன்று விளக்கும் போட்டால் 12.9. அந்த 12.9, நான் 16ஆம் திகதி மீளப்பெற்ற விளக்குக் கணக்குக்குக் கிடைத்த காலங்கடந்த நியாயம், எல்.இ.டி. வாங்குவதென்றால் இப்போது வாங்கலாம். சார்ஜ் விளக்கு மட்டும் எரியவில்லை, அதன் குமிழ் தனியாகவே எரிந்துபோயிருந்தது.

என் அலுமாரியில் உள்ள இரண்டு ரெகுலேற்றர்களில் ஒன்றை விலைக்குத் தரும்படி அச்சுவேலியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய ட்ரக்டரின் டாஷ் விளக்குகள் எரிகின்றனவா என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

2024 ஜனவரி 24, புதன், காலை 9.30

நீர்வேலியில் புதுக் குமிழ் போட்டாயிற்று. திறப்பைத் திருப்பினால் இரண்டு விளக்கும் எரிகின்றன, எஞ்சின் பிடித்ததும் இரண்டும் அணைகின்றன. உரச் சாக்கை இப்போது இருக்கையில் மட்டும் போடுகிறாராம்.